தெரியாத எண்கள்

லவோனின் கைபேசிக்குக் காவல் போட்டுக் கொடுத்தவன் நான்தான். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மின்னசோட்டாவில், டுலூத் நகரின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பாய்லர், குழாய், உடைந்த நாற்காலி, வாசலில் பனி தள்ளுவது எல்லாம் என் பொறுப்பு. பெயர் வெர்ன். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. லவோன் மேக்கி என்ற அம்மாள் அதே பள்ளியில் தலைமைச் சமையல்காரர், அறுபத்து மூன்று வயது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கையால்தான் எனக்கு மதியச் சாப்பாடு. அவரோடு சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டு, பால் பெட்டி அடுக்கிக்கொண்டு, எல்லாரையும் வாயாலேயே விரட்டுகிறவள் ராக்ஸி.

"யோவ் பெருசு, உன் கிண்ணத்துல மட்டும் ஒரு அகப்பை சூப்பு கூட விழுது. எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லன்னு நினைச்சியா?" என்பாள் ராக்ஸி.

"பாய்லர் நின்னா உன் கை விறைச்சுப் போயிடும். அந்த ஒரு அகப்பை அதுக்குத்தான்."

லவோனுக்குக் காது சிவக்கும். அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடமும் நீங்க, வாங்கதான்.

லவோனுக்கு ஒரே மகன், ட்ரெவர். கூரை போடும் வேலை பார்த்தான். இருபத்து நாலாவது வயதில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து சறுக்கி விழுந்து முதுகு போனது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்தது, மாத்திரை குறையவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தியதும் தெருவில் வாங்கினான். பிறகு மாத்திரையைவிடக் கொடியதை வாங்கினான். மூன்று வருடத்துக்கு முன் எவனோ சினேகிதன் காரில் ஏறி மேற்கே போனவன் திரும்பவில்லை.

போன இடத்தில் அவன் கையில் எந்தக் கைபேசியும் நிலைக்கவில்லை. விற்பான், தொலைப்பான், திருட்டுக் கொடுப்பான். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு புது எண்ணிலிருந்து ஒரே ஒரு வரி வரும். "அம்மா, நான்தான். உயிரோட இருக்கேன்." லவோன் உடனே கூப்பிடுவார். யாரோ முன்பின் தெரியாதவர் எடுப்பார், அல்லது எண் செத்திருக்கும். அந்த வரிகளை அவர் ஒன்றுகூட அழித்ததில்லை.

போன ஜனவரியில் ஒரு நாள் காலை சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்புக்குள் இருநூறு பன் கருகிக்கொண்டிருக்கிறது. லவோன் மாவுக் கையோடு கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"வெர்ன், என் பையன்! புது நம்பர் வாங்கியிருக்கானாம். இனிமே இதுதான் என் நம்பர்னு எழுதியிருக்கான்."

"பன் எல்லாம் கரியாப் போச்சு," என்றாள் ராக்ஸி. பிறகு லவோனைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அந்த எண்ணிலிருந்து அறை வாடகைக்கு உதவி கேட்டு வந்தது. வங்கிக் கணக்கு இல்லை, கடையில் விற்கும் பரிசு அட்டைகளை வாங்கிச் சுரண்டி எண்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றிருந்தது. லவோன் அனுப்பினார். இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்பினார். எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் ராக்ஸி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"பேசினியா அவன்கிட்ட? குரலைக் கேட்டியா?"

"மைக் வேலை செய்யலையாம்."

"லவோனு, என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

நான்தான் ஒரு வழி சொன்னேன். "அவனுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு கேளுங்களேன். அப்பா பேர் என்னன்னு கேளுங்க."

லவோன் நிதானமாக எழுத்து எழுத்தாகத் தட்டினார். பதில் சீக்கிரமே வந்தது. "அம்மா விளையாட இப்ப நேரம் இல்ல. இன்னிக்கே ஐநூறு வேணும்." அவர் அதைப் பார்த்தார். மறுபடி அதே கேள்வியை எழுதினார். பிறகு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கைபேசியை மேசையில் வைத்தார், கையைக் கழுவினார், முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறினார்.

போனது ஆயிரத்து இருநூறு டாலர். போலீஸ்காரர் புகாரை எழுதிக்கொண்டு, "இது ஒரு காகிதம்தான், மேடம். பணம் வரும்னு நம்பிக்கை வெச்சுக்காதீங்க," என்றார். லவோன் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ட்ரெவர்னு பேரு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயரை அவர்கள் தாங்களாக எழுதவேயில்லை. "அம்மா" என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். பெயரை முதலில் எழுதியது லவோன்.

ஒருமுறை பதில் சொல்லும் எண் என்று தெரிந்துவிட்டால் போதும்போல. அதற்குப் பிறகு மழையாகக் கொட்டியது. சுங்கச் சாலைக் கட்டணம் பாக்கி, பொட்டலம் நிற்கிறது, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, வீட்டிலிருந்தே வேலை. மின்னசோட்டாவில் சுங்கச் சாலை எங்கே இருக்கிறது? நாளுக்கு முப்பது, நாற்பது. ஒவ்வொரு தடவை அந்த மணி அடிக்கும்போதும் லவோனின் தோள் ஒரு தூக்குத் தூக்கிப் போடும். ஒருமுறை கொதிக்கும் பானையையே தவறவிடப் பார்த்தார்.

"நம்பரை மாத்தித் தொலையேன்," என்றாள் ராக்ஸி.

"அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் இதுதான்," என்றார் லவோன்.

ஒரு மதியம் பாய்லர் அறைக்கே வந்துவிட்டார். அங்கே அவர் வந்ததே இல்லை. "வெர்ன், இதை நிறுத்த முடியுமா? நீங்க எல்லாத்தையும் சரி பண்ணுவீங்களே."

நான் எல்லாவற்றையும் சரிசெய்கிறவன்தான். அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூலகத்தில் ஒரு வகுப்பு நடந்தது, கைபேசியை மோசடிக்காரர்களிடமிருந்து காப்பது எப்படி என்று. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பிப்ரவரி முதல் சனிக்கிழமை, சவரம் செய்துகொண்டு லவோன் வீட்டுக்குப் போனேன்.

ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தார். சமையலறை மேசையில் நோட்டை விரித்து ஒவ்வொன்றாகச் செய்தேன். தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து வரும் செய்தி தனிப் பெட்டிக்குப் போகும்படி வைத்தேன். அந்தப் பெட்டிக்கு மணி அடிக்காது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் ஓசை வராது, பேசுவதைப் பதிந்துவைக்கும் குரல் பெட்டிக்கு நேரே போய்விடும். "ஒண்ணையும் திறக்காதீங்க. திறந்தா லிங்க்கைத் தொடத் தோணும். தொட்டா போச்சு," என்றேன்.

அவர் ரொட்டித் துணுக்கை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ட்ரெவர் புது நம்பர்லேர்ந்து அனுப்பினா?"

"அந்தப் பெட்டியில இருக்கும், எங்கேயும் போயிடாது. நீங்க பாக்க வேணாம். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து பாத்துக் குப்பையைக் கழிச்சிடறேன்."

"நிஜமாவா?"

"எனக்கு வேற என்ன வேலை?"

அடுத்த வாரமே அவர் தோள் இறங்கியது. சமையலறையில் வானொலி போட்டார்கள். "பரவால்லியே பெருசு, ஆளுக்கு மருந்து கொடுத்துட்டியே," என்று ராக்ஸி என் முதுகில் தட்டினாள். இரண்டாவது சனிக்கிழமை போனபோது நூற்றெண்பது குப்பைகள். கழித்தேன். மூன்றாவது சனிக்கிழமையும் அப்படியே. காப்பி குடித்தோம். ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பேசினோம். நான் சனிக்கிழமைக்காக வாரம் முழுவதும் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை. லவோன் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி வடித்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். பொட்டலம், வங்கி, சுங்கம், லாட்டரி. நடுவில் ஒரு எண். பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசியாக வந்த ஒரு வரிதான் தெரியும். "அம்மா, நான்தான். ஒரு பதில் போடேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அதே பயல்கள், அதே வார்த்தை, மறுபடி இந்த வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். திறக்காதே என்று நான் சொன்ன பாடத்தை நானும் மீறவில்லை. அந்த எண்ணைத் தடுத்தேன். குப்பை என்று புகார் கொடுத்தேன். அழித்தேன்.

"ஏதாவது இருந்துதா?" என்று திரும்பாமலே கேட்டார் லவோன்.

"எல்லாம் குப்பைதான்," என்றேன்.

பதினோரு நாள் கழித்து, புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். லவோன் பாய்லர் அறைக்கு வந்தார். இரண்டாவது தடவை. சமையல் மேலுடுப்பைக் கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு கடிதம். காலையில் தபால் பெட்டியில் எடுத்ததை வேலை முடியும்வரை பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

"படிங்க."

மேற்கே ரொம்பத் தொலைவில் உள்ள ஸ்போகேன் நகரிலிருந்து கொரின் என்ற பெண் எழுதியிருந்தார். அங்கே ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், வீடில்லாதவர்கள் குளிருக்கு ஒதுங்கும் இடத்தைக் கவனித்துக்கொள்கிறாராம். "உங்கள் மகன் ட்ரெவர் எங்களோடு ஆறு வாரம் இருந்தான். என் கைபேசியிலிருந்து உங்களுக்கு ஐந்து நாள் எழுதினான். நானும் ஒருமுறை அழைத்தேன், குரல் பெட்டி நிரம்பியிருக்கிறது என்று வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டான். உங்களுக்குள் என்ன வருத்தமோ எனக்குத் தெரியாது. அவன் காத்திருந்தான் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பதிவேட்டில் இந்த முகவரி இருந்தது." அடியில் தன் எண்ணை எழுதியிருந்தார்.

"வந்துச்சா, வெர்ன்?"

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன், உண்மையாகவே பார்த்தேன். அப்புறம் சொன்னேன்.

"வந்துச்சு. நான் அழிச்சிட்டேன்."

"படிச்சீங்களா?"

"ஒரு வரிதான் தெரிஞ்சுது. அம்மா, நான்தான், ஒரு பதில் போடேன்னு."

அவர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். "அவனுங்களும் அப்படித்தானே எழுதினானுங்க," என்றார். எனக்குச் சமாதானம் சொல்வதுபோலக்கூட இல்லை. வெறுமனே சொன்னார்.

அழித்தவை முப்பது நாள் வரை ஒரு மூலையில் கிடக்கும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். அவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டார். தோண்டி எடுத்தேன். மூன்று இருந்தன. வியாழக்கிழமை எழுதியது: "அம்மா, நான் ட்ரெவர். இது கொரின்னு ஒருத்தங்க போன். நல்லா இருக்கேன். நாப்பத்தோரு நாளா எதையும் தொடல." வெள்ளிக்கிழமை: "பணம் எதுவும் வேணாம்மா. வீட்டுக்கு வரலாமான்னு கேக்கத்தான்." மூன்றாவது நான் பார்த்த வரி.

அங்கிருந்தே கொரினைக் கூப்பிட்டோம். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு வாளியின் மேல் நிற்க வைத்தோம்.

"கோவமாப் போனானா?" இதுதான் லவோன் கேட்ட முதல் கேள்வி.

"இல்லைங்க. படுக்கையை அழகா மடிச்சு வெச்சிட்டுப் போனான். எல்லாருக்கும் காப்பி போட்டுட்டுத்தான் போனான்."

"எங்கேன்னு...?"

"சொல்லலைங்க. நானும் தேடிப் பாத்தேன்."

நான் தடுத்துவிட்ட பிறகு அவன் எழுதியவை எங்கள் பக்கம் வரவேயில்லை. அவை கொரின் கைபேசியில் மட்டும் இருந்தன. லவோன் படிக்கச் சொன்னார். கொரின் முதலில் தயங்கினார், பிறகு படித்தார். ஞாயிற்றுக்கிழமை: "கோவம்னா கோவம்னு சொல்லிடும்மா, பரவால்ல." திங்கட்கிழமை: "சரிம்மா. புரியுது. இனிமே தொந்தரவு பண்ணல."

லவோன் அழவில்லை. மேலுடுப்பின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே போட்டிருந்ததைக் கழற்றி மறுபடியும் போட்டார்.

"லவோன், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம், வெர்ன். உங்களைத் திட்டணும்னு தோணல. தோணினா நல்லா இருக்கும்."

மார்ச் விடுமுறையில் ஸ்போகேனுக்குப் பஸ்ஸில் போனார். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். ஒன்பது நாள் அந்த ஊர்த் தெருக்களில் அவன் படத்தைக் காட்டி நடந்தார். பாலத்தடியில், ஆஸ்பத்திரியில், பிணவறையில். காணாமல் போனவர் என்று போலீஸில் பதிந்துகொண்டார்கள். முதுகு வளைந்து நடக்கிற இருபத்தெட்டு வயதுப் பையன்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்களாம். "பின்னாலேர்ந்து பாத்தா எல்லாம் அவன்தான்," என்று ராக்ஸியிடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்த திங்கட்கிழமை கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க."

"லவோன், திரும்பக் கொட்டும்."

"கொட்டட்டும்."

"வேற வழி பாக்கலாம். கொரின் நம்பரை மட்டும் சேத்து வெச்சு..."

"கொரின்கிட்ட இனிமே அவன் போக மாட்டான், வெர்ன். வேற எவன் போனையாவதுதான் கேட்டு வாங்குவான். எவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நோட்டில் எழுதியதைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். குரல் பெட்டியைக் காலி செய்தேன். வேலை முடிவதற்குள்ளேயே இரண்டு வந்துவிட்டன.

அதிலிருந்து லவோன் எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறார். சுங்கக் கட்டணக்காரனுக்கும் போடுகிறார், பொட்டலக்காரனுக்கும் போடுகிறார். அழைப்பு எதையும் விடுவதில்லை. பரிமாறுகிற நேரத்தில்கூட ஓரமாகப் போய் எடுத்து, "யாரு? ட்ரெவரா?" என்பார். அந்தப் பக்கம் எவனோ காப்பீடு விற்பான். பதில் போடப் போட எண்ணிக்கை ஏறியது. ஒரு நாள் நான் எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பத்து. ஏப்ரலில் இன்னொருத்தன் "அம்மா" என்று எழுதினான். லவோன் அவனுக்கும் பணம் அனுப்பினார்.

"அப்பா பேரைக் கேட்டியா அவன்கிட்ட?" என்று ராக்ஸி கத்தினாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "கேட்டியா இல்லையா?"

"கேக்கல."

"ஏன்டி?"

"கேட்டா போயிடறாங்க," என்றார் லவோன்.

ராக்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். அவள் தட்டு கழுவ வர அரை மணி நேரம் ஆயிற்று. அன்று நான்தான் கழுவினேன்.

வங்கிக்காரர்களிடம் பேசிப் பார்த்தோம். தலைமையாசிரியர் அழைத்துப் பேசினார். லவோன் எல்லாருக்கும் தலையாட்டுவார். கிறுக்குப் பிடித்தவர் என்று சொல்ல முடியாது. சூப்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது. என் கிண்ணத்தில் அந்த ஒரு அகப்பையும் கூடவே விழுகிறது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஜூனில் பள்ளி முடிகிற கடைசி நாள், பிள்ளைகளுக்கு விருந்து. லவோன் மணிக்கட்டுவரை மாவில் கைவிட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மேசைமேல் கைபேசி அடித்தது.

"வெர்ன், படிங்களேன்."

"தெரியாத நம்பர். 'ஹாய், நான் லிண்டா. வெள்ளிக்கிழமை விருந்துக்கு வர்றேதானே?'ன்னு இருக்கு. தப்பு நம்பருக்கு அனுப்பின மாதிரி ஆரம்பிப்பாங்க, லவோன். அப்புறம் சினேகம் பிடிப்பாங்க. நூலகத்துலேயே சொன்னாங்க."

"பதில் போடுங்க."

"என்னன்னு?"

"ட்ரெவரா இருந்தா வீட்டுக்கு வா. இல்லைன்னா, அவனை எங்கேயாவது பாத்தா அம்மா கோவமா இல்லைன்னு சொல்லு. அப்படிப் போடுங்க."

நான் ராக்ஸியைப் பார்த்தேன். அவள் பால் பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். நான் தட்டினேன். அனுப்பினேன். பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"'ட்ரெவர் யாரு? நீங்க ரொம்ப நல்லவங்களாத் தெரியறீங்க'ன்னு வந்திருக்கு."

லவோன் பிசைவதை நிறுத்தினார். "பாத்தீங்களா, யாருன்னு கேக்கறாங்க. இத்தனை பேர்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல," என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எழுதுங்க வெர்ன். என் பையன். இருபத்தெட்டு வயசு. ஆறடி இருப்பான், முதுகு கொஞ்சம் வளைஞ்சிருக்கும். கூரை வேலை நல்லாச் செய்வான்."

நான் எழுதினேன். அவர் மாவைப் பிசைந்துகொண்டே சொல்லிக்கொண்டு போனார், நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.